விருப்பமான நகரத்தின் ஒரு வேளையை அறைக்குள் கொண்டுவருவது எப்படி: பின்னணி இசை அமைப்பதற்கான முழுமையான வழிகாட்டி

1920-ஆம் ஆண்டு மார்ச் மாதம், பாரிஸ் நகரக் கலைக்கூடம் ஒன்றில் நடந்த நிகழ்ச்சியின் இடைவேளையில், எரிக் சாட்டி என்ற இசையமைப்பாளர் தாம் 'அறைகலன் இசை' என்று பெயரிட்ட புதுவகை இசையை அரங்கேற்றினார். அறையில் கிடக்கும் நாற்காலியையும் மேசையையும் யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. அவற்றைப் போலவே இந்த இசையும் ஒரு மூலையில் இருந்துகொண்டிருக்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். ஆனால் இசை தொடங்கியதும் கூட்டம் பேச்சை நிறுத்திவிட்டு இருக்கைக்குத் திரும்பிக் கவனமாகக் கேட்கத் தொடங்கியது. "பேசுங்கள், நடமாடுங்கள், கேட்காதீர்கள்" என்று சாட்டி சுற்றிச் சுற்றி வந்து மன்றாடியும் பயன் இருக்கவில்லை.

பின்னணி இசை அமைப்பவர் எவரும் சந்திக்கும் முதல் சிக்கல் இதுதான். அந்த இசை ஒரு நகரத்தையும் நினைவூட்ட வேண்டும் என்று விரும்பினால் சிக்கல் இரட்டிப்பாகிறது; ஏனெனில் நினைவூட்டும் ஒலி காதைப் பிடித்து இழுக்கும், காதை இழுக்காத ஒலியோ எந்த ஊரையும் நினைவூட்டாது. எதிரெதிர்த் திசைகளில் இழுக்கும் இவ்விரு தேவைகளையும் ஒரே அறைக்குள் இணங்கச் செய்யும் வழிமுறையைக் கீழே படிப்படியாக விளக்குகிறேன். போர்ச்சுகலின் லிஸ்பன் நகரத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டிருக்கிறேன். உங்கள் நகரம் எதுவாக இருந்தாலும் முறை மாறாது.

படி 1: நகரத்தைத் தேர்ந்தெடுத்த பின் வேளையைத் தேர்ந்தெடுங்கள்

பெரும்பாலான முயற்சிகள் இங்கேயே தவறிவிடுகின்றன. ஒரு நகரம் முழுவதற்கும் பொதுவான ஒலி என்று ஒன்று கிடையாது. விடியற்காலையில் படகுத்துறையில் கேட்பதும் நள்ளிரவில் சந்துக்குள் கேட்பதும் ஒரே ஊரின் ஒலிகள்தாம் என்றாலும், இரண்டையும் ஒரே பட்டியலில் சேர்த்தால் கிடைப்பது சுற்றுலா விளம்பரம் மட்டுமே.

இதற்கான ஒழுங்கைத் தொல்காப்பியம் வகுத்து வைத்திருக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். யாழும் பறையும் அந்த நிலத்தில் பிறக்கும் கருப்பொருள்களில் சேரும். உள்ளத்தின் நிலையே உரிப்பொருள். இந்த வழிகாட்டியில் நாம் செய்யப்போகும் வேலையின் வரிசையும் இதுவேதான்: முதலில் இடமும் நேரமும், அடுத்து அந்த இடத்துக்குரிய கருவிகள், அவற்றின் வழியாக மனநிலை. இசையை முதலில் எடுத்து வைத்துக்கொண்டு அதற்கு ஓர் இடத்தை ஒட்டவைக்கும்போதுதான் அது ஒட்டாமல் உரிந்து வருகிறது.

நாளை வைகறை, விடியல், நண்பகல், எற்பாடு, மாலை, யாமம் என நான்கு நான்கு மணி நேரமாகப் பிரிக்கும் சிறுபொழுதுப் பகுப்பு இந்த வேலைக்கு மிகவும் பொருத்தமானது. ஒரு தாளில் நகரம், பொழுது, மனநிலை ஆகிய மூன்றையும் ஒரே வரியில் எழுதுங்கள். என்னுடைய வரி இது: 'லிஸ்பன், மாலை, அவசரம் ஏதுமில்லை.' மனநிலையைக் குறிக்கும் சொல் எவ்வளவு எளியதாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. 'மகிழ்ச்சியும் ஏக்கமும் கலந்த' என்று எழுதத் தொடங்கினால் எந்தப் பாடலையும் நீக்க முடியாமல் போகும்.

அதன் கீழே, இசை ஒலிக்கும்போது கைகள் என்ன செய்துகொண்டிருக்கும் என்பதையும் எழுதுங்கள். படிப்பதற்கும் எழுதுவதற்கும் என்றால், உங்களுக்குப் புரியும் மொழியில் உள்ள பாடல்களை முழுவதுமாக விலக்கிவிட வேண்டும், ஏனெனில் சொற்கள் சொற்களோடு மோதும். விருந்தினரோடு பேசுவதற்கு என்றால் குரலே குறைவாக இருப்பது நலம். வீட்டு வேலைக்கு என்றால் இவ்வளவு கட்டுப்பாடு தேவையில்லை.

படி 2: செயலியைத் திறப்பதற்கு முன் காதின் நினைவை எழுதுங்கள்

கனடாவின் இசையமைப்பாளரான மர்ரே ஷேஃபரும் அவருடைய குழுவினரும் வான்கூவர் நகரத்தின் ஒலிகளைப் பதிவுசெய்து 1973-இல் வெளியிட்டார்கள். ஓர் இடத்தின் ஒலிகளை மூன்றாகப் பிரித்துப் பார்க்கும் அவருடைய முறை நமக்குப் பெரிதும் உதவும். முதலாவது, கச்சேரியில் தம்புரா போல எப்போதும் அடியில் ஒலித்துக்கொண்டிருப்பதால் யாரும் கவனிக்காத சுருதி ஒலி. கடலோர நகரத்தில் அலையும், பெருநகரத்தில் போக்குவரத்தின் முனகலும் இப்படிப்பட்டவை. இரண்டாவது, கவனத்தைக் கோரும் அறிவிப்பு ஒலி. மணி, ஊதுகுழல், சைரன் ஆகியவை. மூன்றாவது, அந்த ஊருக்கே உரியதாகி, இழந்தால் ஊரே ஒரு பங்கு குறைந்துபோகும் அடையாள ஒலி. 1859-இல் ஒலிக்கத் தொடங்கிய லண்டனின் பிக் பென் மணி இதற்கு எல்லோரும் அறிந்த சான்று.

கண்ணை மூடிக்கொண்டு பத்து நிமிடம் அந்த நகரத்தின் அந்த வேளையில் உட்கார்ந்திருப்பதாக நினைத்து, மூன்று தலைப்புகளின் கீழும் தோன்றுவதை எழுதுங்கள். நேரில் போகாத நகரம் என்றால், ஒளிப்படம் ஒன்றையும் பார்க்காமல், அந்த நகரத்தின் தெருவில் எடுக்கப்பட்ட நீண்ட ஒலிப்பதிவு ஒன்றை முதலில் கேளுங்கள். லிஸ்பன் மாலைக்கு என் பட்டியல் இப்படி அமைந்தது: சுருதி ஒலியாகக் கற்சுவர்களுக்கு இடையே எதிரொலிக்கும் பேச்சும் காலடிகளும்; அறிவிப்பு ஒலியாக டிராம் வண்டியின் மணியும் தேஜோ ஆற்றைக் கடக்கும் படகின் ஊதலும்; அடையாள ஒலியாகக் கத்தி சாணை பிடிப்பவர் தம் வருகையை அறிவிக்க ஊதும் சிறு குழல், கோடையில் கூரைகளுக்கு மேல் கூட்டமாகக் கீச்சிட்டுப் பறக்கும் உழவாரக் குருவிகள். இந்தப் பட்டியலில் பாடல் ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். அப்படித்தான் இருக்க வேண்டும்.

படி 3: நகரத்தின் கருவியைக் கண்டுபிடியுங்கள்

இந்தப் படிக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் ஒதுக்குங்கள். மெட்டு மறந்துபோகும், ஆனால் கருவியின் நாதம் முதல் இரண்டு நொடிகளிலேயே ஊரைச் சொல்லிவிடும். 1949-இல் வெளியான, வியன்னாவில் நடக்கும் திரைப்படம் ஒன்றின் இசை முழுவதையும் ஆன்டன் கராஸ் என்பவர் ஸிதர் என்ற தந்திக்கருவி ஒன்றிலேயே வாசித்தார். வால்ட்ஸ் நடனங்களாலும் பெரிய இசைக்குழுக்களாலும் புகழ்பெற்ற நகரத்தை, அதன் மதுக்கூடங்களில் வாசிக்கப்பட்ட அந்தச் சிறு கருவி உலகெங்கும் அடையாளப்படுத்தியது.

இதன் ஆற்றலைச் சோதித்துப் பார்த்த ஆய்வு ஒன்றும் உண்டு. ஏட்ரியன் நார்த்தும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1997-இல் வெளியிட்ட முடிவுகளின்படி, பிரிட்டனின் ஒரு பல்பொருள் அங்காடியில் அக்கார்டியன் என்ற துருத்திக் கருவியில் வாசித்த பிரெஞ்சு இசை ஒலித்த நாள்களில் 40 பிரெஞ்சு ஒயின் குப்பிகளும் 8 ஜெர்மானியக் குப்பிகளும் விற்றன. ஜெர்மானிய இசை ஒலித்த நாள்களில் 12 பிரெஞ்சுக் குப்பிகளும் 22 ஜெர்மானியக் குப்பிகளும் விற்றன. தங்கள் தேர்வில் இசைக்குப் பங்கு உண்டு என்று ஒப்புக்கொண்டவர்கள் மிகச் சிலரே. கவனிக்கப்படாமலேயே இசை ஓர் இடத்தை மனத்தில் நிறுத்த முடியும் என்பதற்கு இதைவிட நேரடியான சான்று கிடைப்பது அரிது.

ஆயினும் இதில் ஒரு பொறி இருக்கிறது. அங்காடியில் வேலை செய்தது எல்லோருக்கும் தெரிந்த அடையாளம். நீங்களோ உங்களுக்கு நெருக்கமான நகரத்தைத் தேடுகிறீர்கள். பாரிஸ் என்றதும் அக்கார்டியனை எடுப்பது தவறில்லை, ஆனால் அந்த அக்கார்டியன் எங்கிருந்து வந்தது என்று ஓர் அடி உள்ளே போய்ப் பாருங்கள். பிரான்சின் ஓவெர்ன் பகுதியிலிருந்து பிழைக்க வந்தவர்களின் பைக்குழலும் இத்தாலியர்கள் கொண்டுவந்த அக்கார்டியனும் ஒரே நடனக்கூடத்தில் சந்தித்ததில் பிறந்ததே மியூசெட் இசை. ஒரே சுரத்துக்குரிய இரண்டு மூன்று உலோக நாக்குகளை வேண்டுமென்றே சற்றே விலக்கிச் சுருதி கூட்டுவதால் எழும் நடுக்கம்தான் அந்த அக்கார்டியனுக்குத் தனி நாதத்தைத் தருகிறது. அந்த நடுக்கம் மிகுந்த பதிவு பழைய நடனக்கூடத்தையும், நடுக்கம் குறைந்த பதிவு பிற்கால ஜாஸ் மேடையையும் நினைவூட்டும். அர்ஜென்டினாவின் பியூனஸ் ஐரிஸ் நகரத்துக்கு உயிர்நாடியான, அக்கார்டியனைப் போன்ற பேண்டோனியனும் ஜெர்மனியில் 1840-களில் உருவான கருவியே. ஹைன்ரிக் பேண்ட் என்ற கருவி வணிகரின் பெயரே அதன் பெயராயிற்று. ஆகவே 'இந்த நகரத்துக்கு யார் யார் வந்து குடியேறினார்கள்?' என்று கேட்பது, 'இந்த நகரத்தின் புகழ்பெற்ற பாடல் எது?' என்று கேட்பதைவிட அதிகம் தரும்.

லிஸ்பனுக்கு வருவோம். யாரைக் கேட்டாலும் ஃபாடோ என்ற பாட்டு வகையையே சொல்வார்கள். 2011-இல் யுனெஸ்கோவின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலிலும் அது இடம்பெற்றது. ஆனால் ஃபாடோ பாடப்படும் கூடங்களில் பாட்டு தொடங்கும்போது விளக்கு மங்கும், பேச்சு நிற்கும், பரிமாறுவதும் நிற்கும். கேட்பதற்காகவே பிறந்த இசையைப் பின்னணியில் போட்டால் இசைக்கும் மரியாதை இல்லை, உரையாடலுக்கும் நலம் இல்லை. இதற்குத் தீர்வு அதே மரபுக்குள்ளேயே இருக்கிறது: பாடகர் இல்லாமல், ஆறு இணைகளாகப் பன்னிரண்டு தந்திகள் கொண்ட போர்த்துகீசிய கித்தார் முன்நிற்க, சாதாரண கித்தார் அடியில் துணைபோகும் 'கித்தாராதா' என்ற வாத்திய வகை. இந்தக் கருவியின் பெருங்கலைஞர் கார்லூஷ் பரேதெஷ், போர்ச்சுகலின் மற்றொரு நகரமான கொயிம்ப்ராவின் மரபைச் சேர்ந்தவர். அந்த மரபின் கித்தார் லிஸ்பன் கித்தாரைவிட ஒரு முழுச்சுரம் தாழ்வாகச் சுருதி கூட்டப்படுவது. கறாரான லிஸ்பன்காரர் எவரேனும் உங்கள் விருந்துக்கு வருவாரானால் இதைக் கண்டுபிடித்துவிடுவார். மற்றவர்களுக்கு அந்தத் தாழ்ந்த நாதம் மாலைக்கு இன்னும் பொருந்தவே செய்யும் என்பது என் கருத்து. இவற்றோடு, லிஸ்பனில் பெருந்தொகையாக வாழும், ஆப்பிரிக்கத் தீவு நாடான கேப் வெர்டியின் மக்களுடைய மோர்னா இசையிலிருந்து நான்கைந்து சேர்த்தால், பட்டியலுக்கு இன்றைய நகரத்தின் மூச்சு கிடைத்துவிடும்.

படி 4: தேடும் இடங்கள்

நகரத்தின் பெயரையும் 'காபிக்கடை மாலை' போன்ற சொற்களையும் சேர்த்துத் தேடினால், எந்த நகரத்தின் பெயரை ஒட்டினாலும் பொருந்தக்கூடிய மொழுமொழுப்பான பியானோப் பட்டியல்கள்தாம் வந்து விழும். கருவியின் பெயரையும் இசை வகையின் பெயரையும் அந்த நாட்டு மொழியின் எழுத்துக்கூட்டலிலேயே இட்டுத் தேடுங்கள். ஒரு நல்ல பதிவு கிடைத்தவுடன் அதன் விவரங்களில் துணைக் கலைஞர்களின் பெயர்களைப் பார்த்து அவர்களைத் தேடுங்கள்; புகழ்பெற்றவரைவிட அவருக்குப் பக்கத்தில் அமர்ந்து வாசித்தவரின் தனிப்பதிவு பின்னணிக்கு அதிகம் உதவும்.

உலக உருண்டையைச் சுழற்றி எந்த ஊரின் வானொலியையும் நேரலையில் கேட்கத் தரும் ரேடியோ கார்டன் சேவை 2016 முதல் இருக்கிறது. அதில் அந்த நகரத்தின் நிலையங்களை, நீங்கள் தேர்ந்தெடுத்த பொழுது அங்கே நடக்கும் நேரத்தில் ஒரு வாரம் கேட்டுப் பாருங்கள். தெரு ஒலிகளுக்கு, பார்சிலோனாவின் பொம்பெயு ஃபப்ரா பல்கலைக்கழகம் 2005-இல் தொடங்கிய ஃப்ரீசவுண்ட் தொகுப்பில் பலரும் பதிவுசெய்து அளித்த கோப்புகள் கிடைக்கும்; ஒவ்வொன்றின் உரிமக் குறிப்பையும் படித்துவிட்டு இறக்கிக்கொள்ளுங்கள்.

படி 5: வரிசைப்படுத்துதல்

தொண்ணூறு நிமிடம் போதும். மூன்று, நான்கு நிமிட உருப்படிகளாக இருபத்தைந்து வரை தேவைப்படும். தொடக்கத்தில் அறுபது எடுத்துக்கொண்டு குறைத்துக்கொண்டே வாருங்கள். எதை நீக்குவது என்பதற்கு ஒரே சோதனை: உங்கள் அன்றாட வேலையைச் செய்துகொண்டே முழுப் பட்டியலையும் ஓடவிட்டு, கையிலுள்ள வேலையிலிருந்து உங்களைத் தலைநிமிர வைத்த ஒவ்வொரு உருப்படியையும் குறித்துக்கொள்ளுங்கள். குறிக்கப்பட்டவை பெரும்பாலும் உங்களுக்கு மிகவும் பிடித்தவையாகவே இருக்கும். அவற்றைத் தனியாக வேறொரு பட்டியலில் வைத்துவிடுங்கள். அவை கேட்பதற்கு உரியவை. மனம் ஒப்பாத வேலைதான், ஆயினும் இதைத் தவிர்த்தால் சாட்டியின் கூட்டத்தைப் போல நீங்களும் நாற்காலியில் போய் அமர்ந்துவிடுவீர்கள். ஒன்றே ஒன்றை மட்டும் திருப்பிச் சேர்க்கலாம்: ஏறத்தாழ ஐம்பதாவது நிமிடத்தில், பேச்சு தானாகத் தளரும் இடத்தில்.

வேகம் மெல்ல மெல்ல மாற வேண்டும். அடுத்தடுத்த உருப்படிகளுக்கு இடையே நிமிடத்துக்குப் பத்து தட்டுகளுக்கு மேல் வேறுபாடு இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பல செயலிகளில் ஒன்று தேயும்போதே அடுத்தது எழும்படி அமைக்கலாம். நான்கு அல்லது ஐந்து நொடி சரியாக இருக்கும், பன்னிரண்டு நொடி வைத்தால் இரு கருவிகள் வெவ்வேறு சுருதியில் மோதிக்கொள்ளும். 1930-களின் இரைச்சல் நிறைந்த பதிவையும் நேற்றைய துல்லியமான பதிவையும் அடுத்தடுத்து வைக்காதீர்கள். நகரம் ஒரே மூச்சில் நூறாண்டு தாவிவிடும்.

படி 6: தெருவின் ஒலியை அடியில் விரித்தல்

நகர ஒலியை இசைக்குள் கொண்டுவர இசையமைப்பாளர்கள் மூன்று வழிகளைக் கையாண்டிருக்கிறார்கள். ஜார்ஜ் கெர்ஷ்வின் பாரிஸில் வாங்கிய உண்மையான டாக்சி ஹாரன்களையே 1928-இல் தம் இசைக்குழுப் படைப்பில் ஒலிக்கச் செய்தார். வான் வில்லியம்ஸ் 1914-இல் அரங்கேறிய தம் லண்டன் சிம்பொனியில் வெஸ்ட்மின்ஸ்டர் மணியை ஹார்ப் கருவியில் போலச்செய்தார். ரெஸ்பிகி 1924-இல் ரோம் நகரத்து பைன் மரங்களைப் பற்றிய படைப்பில் நைட்டிங்கேல் பறவையின் இசைத்தட்டுப் பதிவை இசையோடு சேர்த்து ஒலிக்கவிட்டார். நமக்கு உரியது மூன்றாவது வழி.

ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் இதற்குப் போதுமானது. படி 2-இல் எழுதிய சுருதி ஒலிக்கு நீண்ட பதிவு ஒன்றைத் தேர்ந்து, 100 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதை வெட்டிவிடுங்கள்; வண்டிகளின் உறுமல் அடங்கும். அடுத்து 5000 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ளதை மெல்லக் குறையுங்கள். தொலைவிலிருந்தும் சாளரத்துக்கு அப்பாலிருந்தும் வரும் ஒலியில் கூர்மை தேய்ந்திருக்கும் என்பதால், இந்த ஒரு மாற்றத்திலேயே தெரு அறையைவிட்டு வெளியே போய்விடும். அறிவிப்பு ஒலிகளையும் அடையாள ஒலிகளையும் அதன்மேல் மிகச் சிக்கனமாக, ஒழுங்கற்ற இடைவெளிகளில் தூவுங்கள். மணிக்கு இரண்டு மூன்று முறைக்கு மேல் வேண்டாம். நான் முதன்முதலில் செய்த கலவையில் டிராம் மணியைத் தெளிவாக, அருகில் ஒலிப்பது போல வைத்திருந்தேன். அழைப்பு மணி என்று எண்ணி நான்கு முறை கதவைத் திறந்து பார்த்த பிறகே தவறு புரிந்தது. சைரன், குழந்தையின் அழுகை, தொலைபேசி மணி ஆகியவை எந்த நகரத்துக்கும் வேண்டாம்.

அளவுகளைப் பொறுத்தவரை, மென்பொருளின் ஒலியுரப்புச் சீராக்கத்தில் இசையை மைனஸ் 23 எல்யுஎஃப்எஸ் (ஒலியுரப்பை அளக்கும் அலகு) என்றும் தெரு ஒலியை மைனஸ் 36 என்றும் வைத்துத் தொடங்கி, காதுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரே கோப்பாகக் கலக்காமல் தனித்தனியாக வைத்துக்கொள்வதே என் பரிந்துரை. இசை 90 நிமிடமும் தெரு ஒலி 37 நிமிடமும் ஓடிச் சுழலுமானால், இரண்டும் தொடங்கிய நிலையில் மீண்டும் சந்திக்க 55 மணி 30 நிமிடம் ஆகும்; அதாவது ஒவ்வொரு சுற்றிலும் மணி வேறொரு சுரத்தின்மேல் விழும். இசையமைப்பாளர் பிரையன் ஈனோ விமான நிலையங்களுக்காக வெளியிட்ட இசையில், நீளம் வேறுபட்ட நாடாச் சுற்றுகளைக் கொண்டு இதே தந்திரத்தைக் கையாண்டார்.

படி 7: ஸ்பீக்கரும் ஒலியளவும்

தெரு ஒலிக்குப் பழைய சிறு ஸ்பீக்கர் ஒன்று போதும். அதைச் சாளரத்தின் அருகில், சுவரையோ திரையையோ பார்த்தபடி வையுங்கள். இசைக்கான ஸ்பீக்கரை ஆள்கள் அமரும் இடத்துக்கு எதிரே வைக்காமல், அறையின் வேறொரு பக்கத்தில் காது மட்டத்துக்கு மேல் வையுங்கள். நேராக முகத்தை நோக்கும் ஸ்பீக்கர் மேடையாகிவிடும்.

இயல்பான பேச்சு ஒரு மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 60 டெசிபல் இருக்கும். பேச்சுக்குப் பின்னால் வரும் இசை அதைவிடப் பத்துப் பதினைந்து டெசிபல் தாழ்ந்திருந்தால் யாரும் குரலை உயர்த்த வேண்டியிருக்காது. கைபேசியின் ஒலியளவுச் செயலி தோராயமாக இதைக் காட்டும். காணொளியில் உரைக்குப் பின்னால் சேர்ப்பதானால், இணைய உள்ளடக்க அணுகுதல் நெறிமுறைகள் கேட்பது 20 டெசிபல் இடைவெளி. இவ்வளவு தாழ்த்தும்போது மந்தர ஒலிகள் முதலில் மறையும், ஏனெனில் மெல்லிய ஒலியளவில் மனிதக் காதுக்குத் தாழ்ந்த சுரங்கள் குறைவாகவே கேட்கும்; 1933-இல் ஃப்ளெட்சரும் மன்சனும் அளந்து காட்டியது இது. இசை வெறும் தகரமாக ஒலிப்பதாகத் தோன்றினால் ஒலியளவைக் கூட்டாமல் மந்தரத்தை மட்டும் சற்றுக் கூட்டுங்கள்.

படி 8: பயன்படுத்தும் முறை

வீட்டுக்குள் கேட்பதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. கடையிலோ அலுவலகத்திலோ ஒலிபரப்பவும், காணொளியில் சேர்க்கவும் உரிமம் வேண்டும். மாதச் சந்தா கட்டும் இசைச் செயலியின் கணக்கு இதற்குப் போதாது. அமெரிக்கச் சட்டப்படி 1923-க்கு முந்தைய ஒலிப்பதிவுகள் 2022 சனவரி 1 முதல் பொதுவுடைமையாகிவிட்டன, ஆனால் நாட்டுக்கு நாடு சட்டம் வேறுபடும்.

பட்டியலைத் தினமும் ஓடவிடாதீர்கள். தேர்ந்தெடுத்த பொழுதில், வாரத்துக்கு இரண்டு முறை போதும். எல்லா வேளையிலும் கேட்டால் லிஸ்பனின் கித்தார் சில வாரங்களில் உங்கள் வீட்டு வேலையின் கித்தாராகிவிடும், பிறகு அதைக் கேட்கும்போது ஆறும் படகும் நினைவுக்கு வராமல் துணி மடித்ததே நினைவுக்கு வரும்.

அந்த நகரத்துக்கு மீண்டும் போக வாய்த்தால், கைபேசியின் பதிவுச் செயலியைத் திறந்து, காற்று நேராக மோதாதபடி ஒரு துணியால் மூடி, அதே பொழுதில் ஒரே இடத்தில் இருபது நிமிடம் பேசாமல் உட்கார்ந்திருங்கள். பிறகு 37 நிமிடக் கோப்பிலுள்ள மற்றவர்களின் ஒலிகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, அந்த இருபது நிமிடத்திலிருந்து வெட்டியவற்றை அவற்றின் இடத்தில் வையுங்கள்.